முதல் படகு

கஞ்சிக் கரண்டியைக் கெர்லிந்தா மூன்றாவது முறையாக அப்பாவின் உதட்டருகே கொண்டுபோனபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலம் இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"மழை நின்னுச்சா?"

"இல்லப்பா. இன்னியோட மூணு நாளு."

"மண்ணு சரியும்."

"சரிஞ்சா சரியட்டும். நீங்க ஒரு வாய் குடிங்க."

"சாமி வந்தாரா?"

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். பாதிரியாரைக் கூட்டிவர நேற்று மதியம் போன அவள் கணவன் எபர், மார்பு வரை நனைந்து திரும்பி வந்திருந்தான். ஆற்றுத் தண்ணீர் கரையேறிப் புல்வெளி முழுக்க நிற்கிறது, கோயிலுக்குப் போகும் பாதையே தெரியவில்லை என்றான். ஊர் 'ராஜா வெட்டு' என்கிற கால்வாயின் தென்கோடியில் இருந்தது, கோயிலும் கல்லறையும் வடகோடியில். நல்ல நாளில் ஒரு மணி நேர நடை. பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நாளை விடிந்ததும் கிளம்பிவிடுவார்.

"வந்துட்டிருக்காருப்பா."

ஹட்டோ சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று.

"பொய் சொல்லக்கூட உனக்கு வரல. எபர வெளிய அனுப்பு. ஆட்டைப் பாக்கச் சொல்லு."

அடுப்போரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த எபர் திரும்பினான். "ஆடு நல்லாத்தான் இருக்கு மாமா."

"போய்ப் பாருடா."

அவன் போனான். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஹட்டோ பேசவில்லை.

"நான் ராஜாவப் பாத்ததில்ல."

கெர்லிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. கார்ல் ராஜாவை நேரில் பார்த்தவர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். நாற்பது வருடத்துக்கு முன்னால், ஓர் இலையுதிர்காலம் முழுக்க, ஆயிரக்கணக்கான பேர் இங்கே மண் வெட்டினார்கள். வடக்கே ரைனுக்குப் போகும் ஓர் ஆற்றையும் தெற்கே டான்யூபுக்குப் போகும் ஓர் ஆற்றையும் சேர்த்துவிட்டால் கப்பல்கள் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகலாம் என்று ராஜா நினைத்தார். கடவுள் விட்ட இடைவெளியை மண்வெட்டியால் அடைக்க நினைத்த மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். வேலையைப் பார்க்க அவரே வந்தார். ஒவ்வொரு அறுவடை விருந்திலும் ஹட்டோ அந்த நாளைச் சொல்வார். செங்குதிரை, தொங்கும் மீசை, அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். கேட்பவர்கள் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

"அந்தக் குதிரை? மீசை?"

"மீசை எங்கூட மண்ணு வெட்டின கோஸ்பெர்ட் சொன்னது. அவனும் பாக்கல." கண்ணை மூடிக்கொண்டார். "நான் குழிக்குள்ள இருந்தேன். தலைய நிமித்தாதீங்க, வெட்டுங்கன்னு கங்காணி கத்தினான். ஓரக்கண்ணால பாத்தேன். கரை மேல ஈட்டி முனைங்க போச்சு. பத்து, இருபது. அவ்வளவுதான். ஆனா அத்தன ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல மூச்ச அடக்கினது கேட்டுச்சும்மா. மண்வெட்டி சத்தம் கேக்குது, மூச்சு சத்தம் இல்ல. அந்த மாதிரி ஒண்ண அதுக்கப்புறம் நான் கேட்டதில்ல."

அவள் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"அதுக்கு மூணாம் நாள் உன் பெரியப்பா செத்தான்."

அது அவளுக்குத் தெரியும். அந்த வருடமும் இப்படித்தான் மழை. பகலில் வெட்டியதெல்லாம் இரவில் சரிந்து குழிக்குள் திரும்பும். அப்படியொரு சரிவில் இம்மோ பெரியப்பா போனார். கோயில் கல்லறையில் இருக்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள். எந்த மேடு என்று கேட்டதில்லை.

"எடுக்கல," என்றார் ஹட்டோ. "தோண்டினா இன்னும் சரியும்னான் கங்காணி. ஒரு வாரத்துல வேலையே நின்னுபோச்சு. ராஜாவுக்கு வேற பக்கம் சண்டை, போயிட்டாரு. எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. குழியில தண்ணி ஏறுச்சு. நானும் கோஸ்பெர்ட்டும் போகல. எப்படிப் போறது? அவன் உள்ள கெடக்கான்."

மழை கூரை வைக்கோலில் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த வருஷம் இங்க குடியேற ஆளுங்க வந்தாங்க. ஒருத்தன் தோணிய இறக்கி, கழி போட்டு, வலை விரிச்சான். கழிய இழுத்தா அதுல ஒரு செருப்பு மாட்டிட்டு வந்துச்சு. எங்கம்மா தைச்ச வாரு. எனக்குத் தெரியாதா? என்ன சொல்றதுன்னு தெரியல. வாயில வந்தத சொன்னேன். ராஜா உத்தரவு, இந்தத் தண்ணில ராஜா படகு போறவரைக்கும் வேற படகு போகக்கூடாது, கழி போடக்கூடாது, வலை போடக்கூடாதுன்னு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "அவன் கழியக் கீழ போட்டான் பாரு. சுட்ட இரும்பு மாதிரி. எனக்கே பயமாயிடுச்சு."

அந்த உத்தரவோடுதான் கெர்லிந்தா வளர்ந்தாள். கால்வாயில் யாரும் படகு விடமாட்டார்கள். மாடு இறங்கினால் ஓடிப்போய் விரட்டுவார்கள். துணி துவைப்பதுகூட ஆற்றில்தான். மீன் பிடிக்கத் தெரிந்த ஊர், கைக்கெட்டும் தூரத்தில் கொழுத்துத் திரியும் மீனைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நடந்து ஆற்றுக்குப் போனது.

"பத்து வருஷம் கழிச்சு ராஜாவோட அதிகாரி ஒருத்தர் வந்தாரு. அப்ப ராஜா வெறும் ராஜா இல்ல, ரோமாபுரில போப்பாண்டவர் கையால முடி வாங்கின பேரரசர். ஏன் இங்க படகு இல்லன்னு அதிகாரி கேட்டாரு. ராஜா உத்தரவுன்னு ஊரே சொல்லுச்சு. நான் கூட்டத்துக்குப் பின்னால நின்னேன். அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா? 'ஆமா, அது தெரியும்'னான். தெரியும்னு சொல்லி எழுதிக்கிட்டான். மூணு வருஷம் கழிச்சு இன்னொருத்தன் வந்து தோல் ஓலையப் பிரிச்சு வாசிச்சான். முத்திரையோட. நான் சொன்ன அதே வார்த்தை. நாங்க எல்லாரும் முட்டி போட்டுக் கேட்டோம். நானும்."

"அப்பா."

"சாமிகிட்ட இதைச் சொல்லணும். இது பாவமா குத்தமா, எனக்குத் தெரியல."

"ராஜா செத்து இருபது வருஷமாச்சுப்பா. இப்ப பேரனுங்க அப்பனோட சண்ட போட்டுக்கிட்டு இருக்காங்க. இதை யாரு கேக்கப்போறா?"

"செத்தா என்ன," என்றார் ஹட்டோ. "உத்தரவு இருக்கே."

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் மண்ணைப் பற்றித்தான். கூடையை இங்கே கொட்டு, அங்கே கொட்டாதே, பலகையை முட்டுக் கொடு. மழை சற்றுத் தணிந்த நேரத்தில் அதுவும் நின்றது. கெர்லிந்தா எழுந்து சன்னல் பலகையைத் திறந்து வைத்தாள். பிறகு ஆறிப்போன கஞ்சிச் சட்டியை எடுத்து மூடினாள். மூடியபின், எதற்கு மூடினோம் என்று சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உடலைக் கழுவும்போது வலது தோளில் அந்தத் தழும்பைப் பார்த்தாள். கூடை வார் அறுத்த இடம். விரலால் தொட்டால் கயிறுபோல் தட்டுப்பட்டது. சிறுவயதில் அவர் தோளில் ஏறி உட்காரும்போது அவள் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

கோஸ்பெர்ட் வந்தார். அறுபதைத் தாண்டியவர், இடக்கையில் இரண்டு விரல் கிடையாது. வாசலில் நின்று தொப்பியைப் பிழிந்தார்.

"முந்திக்கிட்டானா? எதுலயும் எனக்கு வழி விட்டதில்ல." உள்ளே வந்து ஹட்டோவின் பாதத்தைத் துணிக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "எப்படிக் கொண்டுபோகப் போறீங்க?"

அதுதான் எபருக்கும் தெரியவில்லை. புல்வெளியில் ஆளாழத்துக்குத் தண்ணீர், இழுப்பு வேறு. கால்வாயின் இருபுறமும் அன்று கொட்டிய மண் மலைபோல் நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் குன்றென்றே நினைப்பார்கள். மழை விட்டால் தனி ஆள் புதரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் போய்விடலாம். நாலு பேர் தோள் சேர்த்துப் பாடை தூக்கிப் போக முடியாது, வழுக்கிவிடும். நாளைக்குப் பாதிரியார் இருக்கமாட்டார். கோடை மழை, உடல் தாங்காது. கோயில் மண்ணில் அல்லாமல் வேறெங்கும் புதைப்பது குற்றம். அது உண்மையாகவே ராஜா போட்ட சட்டம். ராஜா அடக்கிய சாக்சன் மக்களில் எத்தனையோ பேரின் தலைகள் அதற்காக உருண்டன என்று கேள்வி.

"ஆத்துல நம்ம தோணி இருக்கு," என்றாள் கெர்லிந்தா.

எபர் அவளைப் பார்த்தான். "அதை வெச்சு?"

"தூக்கிட்டு வா. ராஜா வெட்டுல இறக்குவோம்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தூக்கிட்டு வா எபர்."

கோஸ்பெர்ட் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் ஊரே கரையில் நின்றது. எபரும் அவன் தம்பியும் ஒற்றை மரத்தைக் குடைந்த அந்தத் தோணியைத் தோளில் சுமந்துவந்து தண்ணீரோரம் இறக்கினார்கள். இறக்கிய கையோடு இருவரும் நான்கடி பின்னால் போய் நின்றுகொண்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றிய உடல் கதவுப் பலகையில் கிடந்தது. ஊர்த்தலைவர் வாக்கோ கூட்டத்திலிருந்து வந்து தோணிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றார். முப்பதைத் தாண்டிய, அமைதியான மனிதர். முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான்.

"கெர்லிந்தா, உங்கப்பா எனக்குச் சித்தப்பா மாதிரி. ஆனா இதுல இறக்க முடியாதும்மா."

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

"தண்ணி வடியட்டும்."

"வடியறதுக்குள்ள சாமி போயிடுவாரு. அதுவரைக்கும் அப்பாவ நான் எங்க வெக்கறது?"

வாக்கோ தாடியைத் தடவினார். "இந்த உத்தரவ எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவருதானே? ஏழு வயசுல நான் ஒரு கட்டைய இதுல மிதக்க விட்டேன். காதைத் திருகி, கார்ல் ராஜா யாரு தெரியுமாடான்னு கேட்டாரு. லொம்பார்டியர அடக்கினவரு, ஆவார்கள ஓட விட்டவரு, அவர் தண்ணில விளையாடறியான்னாரு. மூணு நாள் எனக்குத் தூக்கம் வரல. இப்ப அவரையே இதுல அனுப்பினா, அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

பின்னாலிருந்து ஒரு பெண், "அவரே ஒத்துக்கமாட்டாரு," என்றாள். தலைகள் அசைந்தன.

கெர்லிந்தா வாயைத் திறந்தாள். ஒரு வாக்கியம் போதும். ராஜா அப்படி எதுவும் சொல்லவில்லை, சொன்னது இதோ படுத்திருக்கிறவர். சொல்லிவிட்டால் தோணி இறங்கும். நாளைக்கு இன்னொரு தோணி. அடுத்த வாரம் வலைகள், கழிகள். அப்பாவின் பெயர் என்னவாகும் என்பது அதற்குப் பிறகு.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். பச்சைப் பாசி ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, கிழிசல் இல்லாத துணியாக விரிந்து கிடந்தது. அந்தச் செருப்பு வந்த நாளுக்குப் பிறகு அதில் ஒரு கழிகூட இறங்கியதில்லை. ஆயிரக்கணக்கான மண்வெட்டிகளாலும் இந்தக் கரையை நிறுத்த முடியவில்லை. ஒரு பெயர் இந்தத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறது. எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அந்த மனிதர் உயிரோடிருந்தபோது பிறக்கவே இல்லை. இருந்தும் யாருடைய செருப்பு நுனியும் தண்ணீரில் படவில்லை. அவளுடையதும்தான். அதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"வாக்கோ," என்றது ஒரு குரல். கோஸ்பெர்ட். "ஓலை வாசிச்சப்ப நீ எங்க இருந்த?"

"எங்கப்பா தோள் மேல."

"நான் முன்வரிசைல முட்டி போட்டிருந்தேன். முழுசும் கேட்டேன். வெட்டினவனுக்கு இந்த உத்தரவு கிடையாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"அப்படி நான் கேட்டதே இல்லையே."

"எப்படிக் கேப்ப? வெட்டினவன் யாரும் இதுவரைக்கும் போகணும்னு சொல்லல. அதனால யாரும் எடுத்துச் சொல்லல. எத்தன ஆயிரம் பேரு வெட்டினோம் தெரியுமா? இந்த ஊர்ல தங்கினது ரெண்டு பேரு. இப்ப ஒருத்தன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெட்டினவன் கையில ராஜாவோட மண்ணு இருக்கு. அவன் போனா ராஜா படகு போன மாதிரி. அதுதான் உத்தரவு."

அவர் கெர்லிந்தாவைப் பார்க்கவில்லை. பார்க்காததிலிருந்துதான் அவளுக்குத் தெரிந்தது.

வாக்கோ தோணியைப் பார்த்தார். "சரி. அப்ப தோணியத் தள்ளுறது யாரு?"

"நான்தான். நானும் வெட்டினவன்."

"கெர்லிந்தா?"

"அவன் ரத்தம்."

"அதுவும் உத்தரவுல இருக்கா?"

"அது கடைசி வரி," என்றார் கோஸ்பெர்ட்.

வாக்கோ தொப்பியைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். அவர் விலகி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து பலகையின் ஒரு முனையைத் தானே பிடித்தார்.

தோணி பாசிக்குள் நுழைந்தபோது சத்தமே எழவில்லை. கரையில் நின்றவர்களும் சத்தம் போடவில்லை. அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கெர்லிந்தா அப்பாவின் காலருகே உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டாள்.

உள்ளே போகப் போகக் கரைகள் உயர்ந்தன. கீழிருந்து அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை. இருபுறமும் மண் எழுந்து வானத்தை ஒரு பட்டையாகக் குறுக்கியது. இவ்வளவும் கூடை கூடையாகத் தோளில் ஏறிய மண். தூறலில் அதன் மேலிருந்த மரங்கள் நனைந்து கறுத்திருந்தன. பாசி விலகிய இடத்தில், தண்ணீருக்கடியில், அன்று அடித்த ஓக் மரக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. கறுப்பாக, இன்னும் நேராக.

கோஸ்பெர்ட் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் என்று நினைத்தாள். கவனித்துக் கேட்டபோது எண்ணிக்கொண்டிருந்தார். கட்டைகளை.

ஒரு கட்டையருகே கழியைத் தண்ணீரிலிருந்து முழுதாக வெளியே எடுத்துக் குறுக்கே வைத்துக்கொண்டார். தோணி தானாக நகர்ந்து, வேகம் குறைந்து, நின்றேவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கைத் தலையில் தூறல் விழுந்தது.

"இங்க கழி ஊன முடியாது," என்றார். "களிமண்ணு."

"தெரியும் மாமா."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கெர்லிந்தா குனிந்து, துணிக்குள் அப்பாவின் கையைத் தேடி எடுத்து, தோணி விளிம்பைத் தாண்டி, விரல் நுனி தண்ணீரில் படும்படி சற்று நேரம் பிடித்திருந்தாள். பிறகு துடைத்து, பழையபடி உள்ளே வைத்தாள். இருவரும் வெறுங்கையால் தண்ணீரைத் தள்ளி அந்த இடத்தைக் கடந்தார்கள்.

வடகோடியில் கோயில் மணிக்காரன் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்ல, பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். தோணியைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதுல எப்படி வந்தீங்க? ராஜா உத்தரவு இருக்கே?"

கோஸ்பெர்ட் வாயெடுப்பதற்குள் கெர்லிந்தா சொன்னாள். "வெட்டினவங்களுக்கு அது கிடையாது, சாமி."

பாதிரியார் கொஞ்சம் யோசித்தார். அவர் இளையவர், எல்லாம் படித்தவர்.

"ஆமா," என்றார். "அது தெரியும்."

கோஸ்பெர்ட்டுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

குழி வெட்டியது கோயில் ஆட்கள்தான் என்றாலும் கோஸ்பெர்ட் ஓரத்தில் நின்று, இந்தப் பக்கம் சாய்வாக வெட்டு, இல்லாவிட்டால் சரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரியவில்லை. மண் மூடியபின் பாதிரியார் கெர்லிந்தாவிடம் வந்தார்.

"என்னால வர முடியாமப் போச்சும்மா. கடைசில எதாவது சொல்லணும்னு கேட்டாரா?"

"எங்கிட்டப் பேசினாரு, சாமி."

"என்ன சொன்னாரு?"

அவள் கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"மழை பெய்யுது, மண்ணு சரியும்னு."

தோணியைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் எபர் வந்து எடுத்துப் போவான். திரும்பும்போது இருவரும் மண்மேட்டின் மேல் ஏறி, புதரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். மழை விட்டிருந்தது. கோஸ்பெர்ட் பின்தங்கினார். இரண்டு விரல் இல்லாத கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, "நீ போ, நான் வரேன், நான் என்ன ஓடியா போயிடப்போறேன்," என்றார். அவள் காத்து நின்றாள்.

நின்ற இடத்திலிருந்து கால்வாய் முழுதும் தெரிந்தது. பச்சைப் பாசியின் நடுவே, தென்கோடியிலிருந்து வடகோடி வரை, தோணி போன தடம் கறுப்பாக ஒற்றைக் கோடாய் ஓடியது. ஓரிடத்தில் மட்டும் அது அகன்றிருந்தது. இரண்டு வாத்துகள் அங்கே வந்திறங்கின. பாசி இருபுறமிருந்தும் மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.